குளிருக்காக அவர்கள் வரவில்லை: வடநோர்வே நகரசபை உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களே,

வணக்கம். நார்விக் தொடங்கி ஃபின்மார்க் வரை, தரவு மையம் (டேட்டா சென்டர், கணினிகளை வரிசையாக அடுக்கி இயக்கும் கட்டடம்) ஒன்றுக்கு நிலம் ஒதுக்கலாமா என்று கோப்பை மேசையில் வைத்துக்கொண்டு யோசிக்கும் சபைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நோர்வேஜிய மொழியில் இதன் சுருக்கம் உங்கள் அஞ்சலுக்கு வந்திருக்கும். தமிழிலும் எழுதக் காரணம் இருக்கிறது. வடக்கின் மீன் தொழிற்சாலைகளில் நின்று வேலை செய்து பிள்ளைகளை ஆளாக்கிய எங்கள் ஆட்கள் உள்ளூர்த் தேர்தலில் தவறாமல் வாக்குப் போடுகிறார்கள். இந்த விஷயம் வந்தால் மட்டும் "அது கம்ப்யூட்டர்காரரின் பாடு" என்று விலகிக்கொள்கிறார்கள். கரண்ட் பில் வரும் வீட்டில் இருப்பவர் யாரும் விலகிக்கொள்ளக்கூடிய விஷயமில்லை இது. அவர்களும் படிக்கட்டும்.

எங்கள் ஊர் மண்டபத்தில் நடந்த ஒரு கூட்டத்தைச் சொல்லிவிட்டு வருகிறேன். ஊரின் பெயரும் கம்பனியின் பெயரும் வேண்டாம். வாஃபிளும் பழுப்புச் சீஸும் கோப்பியும் இருந்தன. அவை இல்லாமல் இந்த நாட்டில் கூட்டம் ஏது? திரையில் பனிமலை, ஃபியோர்டு, ஓரத்தில் ஒரு பச்சை இலை. இயற்கையின் குளிரே எங்கள் ஏசி என்பதுபோல ஒரு வாசகம். முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற மின்பணியாளர் ஒருவர் கையைத் தூக்கி, "எல்லாம் கட்டி முடிந்தபிறகு மொத்தம் எத்தனை மெகாவாட்?" என்று கேட்டார். "முதல் கட்டத்துக்கு முப்பது" என்றார்கள். "நான் முதல் கட்டத்தைக் கேட்கவில்லை." "அது சந்தையைப் பொறுத்தது." உள்ளே யாருடைய கணினிகள் ஓடும் என்று அடுத்த கேள்வி. வாடிக்கையாளரின் பெயரை இப்போதைக்குச் சொல்ல முடியாதாம். மனிதர் உட்கார்ந்து மிச்ச வாஃபிளைச் சாப்பிட்டார். வெளியே சப்பாத்துப் போடும் இடத்தில் உங்களில் ஒருவர் என்னிடம் சொன்னார்: "மக்களுக்கு இந்தத் தொழில்நுட்பம் இன்னும் விளங்கவில்லை."

அவருக்கு விளங்காதது ஒன்றுமில்லை. இரண்டு கேள்வி கேட்டார், இரண்டுக்கும் பதில் வரவில்லை. தரவு மையம் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று ஆய்வு செய்யவும், அந்த எண்ணத்தை மாற்றவும் இப்போது ஆலோசகர்களுக்குக் காசு கொடுக்கிறார்கள். அந்தக் காசு வீண். வாக்கெடுப்புக்கு முன் கணக்கை மேசையில் வைத்தால் மக்கள் எண்ணம் தானாகத் தெளியும். சாதகமாகவும் தெளியலாம். நான் இந்தத் தொழிலுக்கு எதிரி இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் குளிர். ஸ்வீடனின் லூலியோவில் ஃபேஸ்புக் 2013இல் திறந்த மையம்தான், அமெரிக்காவுக்கு வெளியே அது கட்டிய முதலாவது. வெளிக்காற்றை இழுத்துச் சூட்டைத் தணிக்கிறார்கள், பக்கத்தில் லூலே ஆற்றின் நீர்மின்சாரம். அன்றிலிருந்து 'குளிர் நாடு' என்பது இந்தத் தொழிலின் விளம்பர வாசகம் ஆகிவிட்டது. அதில் உண்மையும் இருக்கிறது. உலகச் சராசரியில், கணினிகள் 100 யூனிட் மின்சாரம் எடுத்தால் குளிரூட்டலுக்கும் மற்றச் செலவுகளுக்கும் மேலதிகமாக 50 யூனிட்டுக்கு மேல் போகிறது. குளிர் நாட்டில் நன்றாகக் கட்டிய மையத்தில் அந்த மேல்செலவு 10 யூனிட்டை ஒட்டி நிற்கும். சரி, நல்ல சேமிப்புத்தான். ஆனால் அந்த முதல் 100? அது பாலைவனத்திலும் 100, பனியிலும் 100. நம் அணையிலிருந்து போகப்போவது அந்த நூறு.

இன்னொன்று. செயற்கை நுண்ணறிவுப் (ஏஐ) பயிற்சிக்கான புதிய சிப்களுக்குக் காற்று போதாது. குழாயில் திரவத்தைச் சிப்பின் மேலேயே ஓடவிட்டுச் சூட்டை எடுக்கிறார்கள். அந்தத் திரவம் ஓரளவு சூடாக இருந்தாலே போதும் என்பதால், ஊர் எவ்வளவு குளிர் என்பதன் மதிப்பு முன்பைவிடக் குறைந்துகொண்டே வருகிறது. அப்படியிருந்தும் வடக்குக்கு ஏன் வருகிறார்கள்? நோர்வே ஐந்து மின்விலை வலயங்களாகப் பிரிந்திருக்கிறது. வடக்கு வலயத்தில் உற்பத்தி அதிகம், ஆள் குறைவு, தெற்குக்கும் ஸ்வீடனுக்கும் போகும் கம்பிகளின் கொள்ளளவு போதாது. அதனால் மின்சாரம் இங்கே தேங்குகிறது, விலை விழுகிறது. 2022 கோடையின் முடிவில் தெற்கில் ஒரு யூனிட் பல குரோனர் விற்றபோது வடக்கில் அதில் ஒரு துளிதான் விலை. அவர்கள் தேடி வருவது அந்தத் துளியை. போஸ்டரில் பனிமலையைப் போடாமல் விலைப் பட்டியலைப் போட்டிருந்தால் நேர்மையாக இருந்திருக்கும்.

நார்விக்கின் கணக்கை எடுத்துக்கொள்வோம். 2025 ஜூலை கடைசியில், குவான்டால் என்ற இடத்தில் ஏகெர், என்ஸ்கேல் கம்பனிகள் சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐயின் பெயரோடு ஒரு திட்டத்தை அறிவித்தன. தொடக்கத்தில் 230 மெகாவாட், பிறகு இன்னும் 290 சேர்க்கும் எண்ணம். 230 மெகாவாட் ஆண்டு முழுக்க முழு அளவில் ஓடினால் சுமார் 200 கோடி யூனிட். நோர்வேயில் ஒரு வீடு ஆண்டுக்குச் சுமார் 16,000 யூனிட் எடுக்கிறது என்று வைத்தால், ஒன்றேகால் லட்சம் வீடுகளின் மின்சாரம். நார்விக் நகராட்சியில் இருப்பதோ இருபதாயிரம் சொச்சம் பேர். இந்த அளவைக் கேட்டு ஒருவர் வாயைப் பிளந்தால் அதற்கு அறியாமை என்று பெயரில்லை. தேங்கிக் கிடக்கும் மின்சாரத்தை இங்கேயே செலவழிப்பது தெற்குக்குக் கம்பி இழுப்பதைவிட மேல் என்ற வாதமும் நியாயமானது. அது இன்றைய தேக்கத்தை வைத்துச் சொல்லும் வாதம். நாலைந்து பேர் வந்து இதே தேக்கத்தைக் கணக்கில் காட்டி நிலம் கேட்டால், எத்தனையாவது ஆளோடு அது தீர்ந்துபோகும்? தெற்கு மாதிரி எங்கள் விலையும் ஏறிவிடுமோ என்ற பயம் அங்கிருந்துதான் வருகிறது.

மின்சாரம் இருந்தாலும் கம்பியில் இடம் வேண்டும். அதை நாடு முழுக்கப் புரியவைத்தது நம்மோ விவகாரம். 2023இல், உக்ரைன் போருக்காகப் பீரங்கிக் குண்டு உற்பத்தியைப் பெருக்க நினைத்த நம்மோ என்ற ஆயுத நிறுவனத்துக்கு மேலதிக மின்சாரம் கொடுக்க வலையமைப்பில் இடமில்லை. ஹாமார் பக்கம் டிக்டாக்குக்காகக் கட்டப்பட்ட மையம் அதை முன்பே பிடித்துவைத்திருந்தது. பூனை வீடியோக்களைச் சேமித்து வைப்பதால் எங்கள் வளர்ச்சி தடைப்படுகிறது என்று நம்மோவின் தலைவர் மோர்டென் பிராண்ட்செக் பேட்டி கொடுத்தார். ஊரே சிரித்தது, அப்புறம் யோசித்தது. முதலில் வந்தவருக்கு முதலில் என்ற வரிசை முறை அதுவரை எல்லோருக்கும் நியாயமாகத்தான் பட்டது. வரிசையில் ஆஸ்பத்திரியும் மீன் பதனிடும் ஆலையும் பல நூறு மெகாவாட் கேட்பவரும் ஒன்றாக நின்றால் எப்படியிருக்கும் என்று அன்றுதான் பலர் கணக்குப் போட்டார்கள்.

இனி ஸ்டோக்மார்க்னெஸ். வெஸ்டெரோலன் தீவுகளில் ஹாட்செல் நகராட்சியில் உள்ள சின்ன ஊர். கரையோரக் கப்பல் சேவையான ஹூர்டிரூட்டென் 1893இல் பிறந்த இடம். அங்கே ஒரு பிட்காயின் சுரங்கம் இருந்தது. சுரங்கம் என்றால் மண்ணைத் தோண்டுவதில்லை. பிட்காயின் என்ற டிஜிட்டல் நாணயத்தை உருவாக்க வரிசை வரிசையாகக் கணினிகள், அவற்றின் சூட்டை வெளியே தள்ளும் விசிறிகள். குளிர் நாட்டில் வெளிக்காற்றை வைத்துச் சமாளிப்பதன் மறுபக்கம் அந்த விசிறிச் சத்தம். இரவு பகல் ஓயாத ஒரே சுருதி இரைச்சல். கிராமத்து அமைதிக்காக அங்கே இருப்பவர்கள் சும்மா விடுவார்களா? முறைப்பாடுகள் குவிந்தன. 2024 செப்டம்பரில் அனுமதி முடிந்து சுரங்கம் மூடப்பட்டது. ஊரே நிம்மதிப் பெருமூச்சு விட்டது. அடுத்துக் கடிதம் வந்தது, மின்வலையமைப்புக் கம்பனியிடமிருந்து. அதன் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்களவு அந்த ஒரு வாடிக்கையாளரிடமிருந்து வந்துகொண்டிருந்தது. கம்பிகளின் செலவு அப்படியே இருக்க, பங்குபோட்டுக் கட்டும் ஆள் ஒருவர் குறைந்துவிட்டார். வீடுகளின் வலையமைப்புக் கட்டணம் சுமார் 20 சதவீதம் ஏறியது. ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு 2,500 முதல் 3,000 குரோனர் வரை.

இந்தக் கதையைக் கம்பனிக்காரர்கள் தங்களுக்குச் சாதகமாகச் சொல்கிறார்கள்: பார்த்தீர்களா, நாங்கள் போனால் நீங்கள்தான் கட்ட வேண்டும். எனக்கு அது வேறு மாதிரிக் கேட்கிறது. ஒரே ஒரு வாடிக்கையாளரை நம்பி ஓர் ஊரின் மின்கட்டணத்தை நிறுத்திவைத்தது யார்? அவர் வந்தபோது யாரும் இதைச் சொன்னார்களா? வருவதற்கு விழா இருக்கிறது, போவதற்கு ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை. மீன் தொழிற்சாலை மூடியபோது ஊரைவிட்டு ஒஸ்லோவுக்கும் பேர்கனுக்கும் போன எங்கள் குடும்பங்களுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. கிரிப்டோ வேறு, ஏஐ வேறு என்கிறீர்கள். ஒத்துக்கொள்கிறேன், புதிய கிரிப்டோ சுரங்கங்களுக்குத் தற்காலிகத் தடை போடப்போவதாக அரசே 2025 ஜூனில் சொன்னது. ஆனால் கம்பிச் செலவின் கணக்குக்கு உள்ளே ஓடுவது பிட்காயினா ஏஐயா என்பது தெரியாது.

பின்லாந்தில் இதே தொழிலைப் பற்றி மக்கள் வேறு தொனியில் பேசுகிறார்கள். காரணம் வெப்பம். எஸ்போ பகுதியில் மைக்ரோசாஃப்ட்டும் ஃபோர்ட்டம் என்ற எரிசக்திக் கம்பனியும் 2022இல் அறிவித்த திட்டப்படி, அந்தப் பிரதேசத்தின் வீட்டு வெப்ப வலையமைப்புத் தேவையில் ஏறக்குறைய 40 சதவீதத்தைத் தரவு மையங்களின் கழிவு வெப்பமே கொடுக்கும். ஹமினாவில் மூடிப்போன காகித ஆலை ஒன்றை 2009இல் வாங்கிய கூகுள், ஆலைக்காகக் குடைந்த பழைய சுரங்கவழியில் கடல்நீரைக் கொண்டுவந்து குளிரூட்டுகிறது. அங்கே வரும் வெப்பத்தை ஊரின் வலையமைப்புக்கு இலவசமாகக் கொடுப்பதாகவும், உள்ளூர்த் தேவையில் 80 சதவீதம் அதிலேயே தீரும் என்றும் 2024இல் அறிவித்தது. மாரியில் தன் வீட்டு ரேடியேட்டரைத் தொட்டுப் பார்க்கிறவருக்கு, அந்தக் கட்டடத்தால் எனக்கென்ன என்ற கேள்வி எழாது.

இதைக் காட்டி நம் ஊர்க் கூட்டங்களிலும் 'வெப்பம் தருவோம்' என்கிறார்கள். இங்கேதான் நீங்கள் குறுக்கே கேட்க வேண்டும். பின்லாந்து நகரங்களில் நிலத்துக்கடியில் வெந்நீர்க் குழாய் ஏற்கெனவே ஓடுகிறது. நோர்வேயில் பெரும்பாலான வீடுகள் மின்சாரத்தில் சூடாகின்றன. சுவரில் ஹீட்டர், வெளியே ஹீட் பம்ப், அவ்வளவுதான். குழாய் இல்லாத ஊரில் வெப்பத்தை எதில் கொண்டுபோவது? காற்றுக் குளிரூட்டலில் கிடைப்பது வெதுவெதுப்பான காற்று. அதை வீட்டுக்கு உதவும் சூட்டுக்கு ஏற்ற இன்னும் மின்சாரம் வேண்டும். அந்த வெப்பத்தை வாங்கிக்கொள்ள ஆள் பக்கத்திலேயே இருந்தால்தான் ஆகும். ஸ்தவாங்கர் பக்கம் ரென்னெசோயில், பழைய நேட்டோ ஆயுதக் கிடங்கில் இயங்கும் மையத்துக்கு ஃபியோர்டின் ஆழத்திலிருந்து 8 பாகை நீர் போகிறது, 20 பாகை அளவில் வெளியே வருகிறது. சிங்க இறால் வளர்வதற்குத் தோதான சூடு அதுதான். அதை வைத்து இறால் வளர்க்க ஒரு பண்ணையோடு ஒப்பந்தம் செய்தார்கள். வாங்குபவர் யார், குழாய் யார் செலவில், எந்த ஆண்டு என்ற மூன்றும் எழுத்தில் இருந்தால் 'வெப்பம் தருவோம்' என்பது ஒரு வாக்குறுதி. இல்லாவிட்டால் அது படம் காட்டுவது. 2 மெகாவாட்டுக்கு மேற்பட்ட மையங்கள் கழிவு வெப்பத்தைப் பயன்படுத்த முடியுமா என்று செலவு-பலன் ஆய்வு செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த ஆய்வை மக்கள் கூட்டத்தில் விரித்துக் காட்டிய ஒருவரையும் நான் இன்னும் பார்க்கவில்லை.

வேலைவாய்ப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கட்டும்போது நூற்றுக்கணக்கானோர், கட்டியபின் சில பத்துப் பேர், மிகப் பெரிய மையமானால் சில நூறு பேர். எங்கள் பிள்ளைகள் கணினி படித்தவர்கள், ஊர் திரும்புவார்கள் என்று கனவு காணும் தமிழ்ப் பெற்றோருக்கும் சொல்கிறேன்: உள்ளே தேவைப்படுவது மின்பணியாளர், குளிரூட்டல் தொழில்நுட்பர், காவலர். மென்பொருள் எழுதுகிறவர் எங்கிருந்தும் எழுதுவார். மின்பணி படித்த பிள்ளை இருந்தால் அது வேறு கதை, நல்ல வேலை. ஆனால் அதே மெகாவாட்டை ஓர் அலுமினிய ஆலை எடுத்தால் எத்தனை குடும்பம் பிழைக்கும் என்பது அப்படி ஓர் ஆலை உள்ள மூஷோயெனில் இருப்பவர்களுக்குத் தெரியும். அவர்களிடம் 'புதிய தொழிற்புரட்சி' என்று பேசுவது கொஞ்சம் கஷ்டம்.

அதோடு வடக்கு வாக்குறுதிகளால் களைத்துப்போயிருக்கிறது. 2017இல் பலாங்கெனில் உலகத்திலேயே பெரிய தரவு மையம், ஆயிரம் மெகாவாட், கோலொஸ் என்று பேரும் வைத்தார்கள், வரவில்லை. மூ இ ரானாவில் பேட்டரி ஆலை என்றார்கள். ஃப்ரேயர் கம்பனி அமெரிக்காவுக்குப் போய்விட்டது. எல்லைக்கு அப்பால் நார்த்வோல்ட் என்ற பேட்டரிக் கம்பனி 2025 மார்ச்சில் ஸ்வீடனில் திவாலானது. இத்தனைக்கும் பிறகு ஒரு புதிய கம்பனி வந்து பச்சை இலை போட்ட படத்தைக் காட்டினால், பின்வரிசையில் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார். அவரை முற்போக்குக்கு எதிரி என்று எழுதிவிடாதீர்கள்.

வடக்கின் ஆதிக்குடிகளான சாமி மக்களின் கலைமான் மேய்ச்சல் நிலத்தையும் இந்தக் கணக்கில் சேருங்கள். மத்திய நோர்வேயின் ஃபோசென் பகுதியில் கட்டிய காற்றாலைகள் அவர்களின் உரிமையை மீறின என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் தீர்ப்புச் சொன்னது. ஆலைகள் அதற்குப் பிறகும் சுழன்றுகொண்டிருந்ததால் 2023இல் இளைஞர்கள் ஒஸ்லோவில் அமைச்சகத்தை மறித்து உட்கார்ந்தார்கள். தேங்கிய மின்சாரம் தீர்ந்ததும் புதிய காற்றாலைக்கு இடம் தேடுவார்கள், அந்த இடம் யாருடைய மேய்ச்சல் நிலம் என்பது நமக்குத் தெரியும். நிலத்தைப் பறிகொடுத்த அனுபவத்தோடு வந்தவர்கள் நாங்கள். இந்தப் பத்தியைத் தமிழர்கள் வேகமாகக் கடந்துபோக மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

"நீங்களும் போன் பாவிக்கிறீர்கள்தானே?" என்று ஒரு கேள்வி எப்போதும் வரும். பாவிக்கிறோம். ஆஸ்பத்திரிப் பதிவும் வங்கிக் கணக்கும் இந்த நாட்டு மண்ணில் இருக்க மையங்கள் தேவை, அதற்கு யாரும் குறுக்கே நிற்கவில்லை. ஏஐ மாதிரிகளைப் பயிற்றுவிப்பது வேறு வேலை. அதற்குப் பயனர் பக்கத்தில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை, அதனால்தான் இவ்வளவு தூரம் வடக்கே வர முடிகிறது. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுவிட்டு, பெட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்பவரைப் போனைக் காட்டி அடக்குவது நல்ல விவாதமில்லை. அயர்லாந்து இப்படிப் பிரிக்காமல் விட்டது. 2015இல் நாட்டின் மின்சாரத்தில் 5 சதவீதம் எடுத்த தரவு மையங்கள் 2023இல் 21 சதவீதத்தைத் தொட்டன, நகர்ப்புற வீடுகள் எல்லாம் சேர்ந்து எடுத்ததைவிட அதிகம். ஸ்வீடன் 2017இல் கொடுத்த மின்வரிச் சலுகையை 2023 ஜூலையோடு நிறுத்திக்கொண்டது. அந்த நாடுகளில் மையங்கள் வந்த பிறகுதான் விதிகள் மாறின. நமக்கு முன்கூட்டியே செய்யும் வாய்ப்பு இன்னும் இருக்கிறது.

உங்கள் கையில் அதிகாரம் இல்லை என்று சொல்லாதீர்கள். 2025 ஜனவரி முதல் தரவு மையங்கள் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும்; அது ஒஸ்லோவின் வேலை. நிலத் திட்டம் உங்களுடையது. திட்ட வரைவை ஆறு வாரமாவது மக்கள் பார்வைக்கு வைக்கச் சட்டம் சொல்கிறது. அந்த ஆறு வாரம் தொடங்கும் நாளிலேயே ஒரு தாளை வெளியிடுங்கள். முழு அளவில் எத்தனை மெகாவாட், உள்ளே ஓடப்போவது யாருடைய வேலை, நிரந்தர வேலைகள் எத்தனை, வலையமைப்பில் பிடித்த இடத்தை எத்தனை ஆண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் திருப்பித் தருவார்கள், வேலிக்கு வெளியே இரவில் எத்தனை டெசிபல், டீசல் ஜெனரேட்டர்களை எப்போதெல்லாம் ஓட்டிப் பார்ப்பார்கள், மூடிக்கொண்டு போனால் கம்பிச் செலவில் அவர்கள் விட்டுப்போகும் பங்கை எந்த நிதியிலிருந்து கட்டுவது. வாடிக்கையாளரின் பெயரைச் சொல்ல முடியாத ரகசிய ஒப்பந்தம் என்றால், பெயர் வரும்வரை வாக்கெடுப்பைத் தள்ளிவையுங்கள். நிலம் எங்கும் ஓடாது, அணையும் அங்கேயேதான் இருக்கும். அவசரம் அவர்களுக்குத்தான்.

தாளை நோர்வேஜியத்தில் வெளியிட்டால் போதும். சாமி மொழியில் வேண்டுமா என்பதை அங்கே இருப்பவர்களிடம் கேளுங்கள். தமிழில் நாங்களே மொழிபெயர்த்து எங்கள் சங்க வட்டங்களில் அனுப்பிக்கொள்கிறோம். ஆறு வாரத்துக்குள் எங்கள் கருத்துகளும் உங்கள் சபைக்கு எழுத்தில் வந்து சேரும்.

இப்படிக்கு,
வடநோர்வேயில் வசிக்கும், உள்ளூர்த் தேர்தலில் வாக்களிக்கும் ஒரு தமிழர்